சாளைக் கதவும் தோட்டத்துப் படலும்: குடியானவர்கள் தாமே செய்யக்கூடிய மரவேலைப் பழுதுகள்

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களில் தோட்டக்கால் பூமியுள்ள குடியானவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாளையும், ஒரு கட்டுத்தரையும், சுற்றிலும் ஒரு வேலியும், அவ்வேலியில் ஒரு கதவோ படலோ உண்டு. விதை, உரம், தண்ணீர் ஆகியவற்றைக் குறித்து நாள்தோறும் யோசிக்கும் குடியானவர், இம்மரச் சாமான்களைக் குறித்து அவை விழும் நாளன்றுதான் யோசிக்கிறார். படல் சாய்ந்த ஓர் இரவில் வெள்ளாடுகள் புகுந்து வெள்ளாமையை மேய்ந்துவிடுகின்றன. அதனால் பக்கத்துத் தோட்டத்தாருடன் வழக்கும் வந்து சேருகிறது. கூரை ஒழுகிய ஒரு வாரத்தில் மூட்டைச் சோளம் பூசணம் பிடிக்கிறது. இற்றுப்போன ஏணிப்படி ஒன்று ஒருவருடைய இடுப்பை முறித்துவிடுகிறது. இந்நஷ்டங்களோடு ஒப்பிட்டால், காலத்தில் பழுது பார்க்கும் செலவு மிகவும் அற்பமானது.

முற்காலத்தில் இவ்வேலைகளைக் கவனிக்க ஊர்தோறும் தச்சர் இருந்தார். எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்த நாட்களில் உருளையும், அதைத் தாங்கும் மரக்கால்களும், கலப்பையும், வண்டியும் ஓயாமல் பழுதாகும். தச்சர் தோட்டத்திற்கே வந்து அவற்றைச் செப்பனிடுவார். அறுவடையின்போது களத்திலேயே அவருக்குத் தானியம் அளக்கப்படும். 1930-களில் பைக்காரா மின்சாரம் இப்பக்கங்களில் பரவி, கிணறுகளில் மோட்டார்ப் பம்புகள் அமைந்தபின் கவலை படிப்படியாக மறைந்தது. பிற்பாடு டிராக்டர் வந்தபோது மரக்கலப்பையும் அருகிற்று. வேலை குறையவே, தச்சர்களின் பிள்ளைகள் பட்டணங்களில் வேறு தொழில்களுக்குச் சென்றனர். இன்று ஒரு கீலை மாற்றுவதற்கும் பல நாட்கள் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகையால், பெரிய வேலைகளைத் தச்சரிடம் விட்டு, சிறிய பழுதுகளைக் குடியானவர்கள் தாமே பார்த்துக்கொள்ளக் கற்பது அவசியமாகும்.

இப்பாடத்தின் சாரம் ஒன்றே. மரத்தைத் தொடுவதற்குமுன், அது கெட்ட காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். காரணத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் மாற்றினால், புதிய மரமும் பழைய மரத்தின் வழியிலேயே போகும்.

மரம் கெடும் வழிகள்

முதற் காரணம் ஈரம். மரத்தை உளுக்கச் செய்யும் பூசணங்கள், மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை வேலை செய்யமாட்டா. ஆதலால், நனைந்தாலும் உடனே உலர்ந்துவிடும் மரம் பல தலைமுறைகள் நிற்கும்; நனைந்து உலராத மரமோ சில வருஷங்களில் மாவாகும். மரத்தின் பக்கங்களைவிட அதன் வெட்டுமுனைகள் வெகு விரைவில் நீரை உறிஞ்சும். கதவின் அடிவிளிம்பும், கம்பத்தின் தலையும், கைமரத்தின் நுனியும் முதலில் கெடுவது இதனாலேயே.

இரண்டாவது காரணம் கறையான். நம் பக்கத்து வீடுகளைத் தாக்கும் கறையான் பெரும்பாலும் மண்ணில் குடியிருந்து, மண் குழாய் கட்டிக்கொண்டு மரத்திற்கு ஏறுவது. மண்ணுக்கும் மரத்திற்கும் நேர்த்தொடர்பு இல்லாவிட்டால், அது ஏறும் வழி நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம் மரத்தின் அசைவு. மரம் ஈரம் ஏறும்போது உப்பி, உலரும்போது சுருங்கும். நீளவாட்டில் இம்மாறுதல் மிக அற்பம், அகலவாட்டிலேயே அதிகம். அகலவாட்டிலும், மரத்தின் வளையங்களைத் தொடர்ந்து செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிப்புறமாகச் செல்லும் திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகும். பலகைகள் கோணுவதும் வெடிப்பதும் இதனால்தான்.

காற்றும் மழையும்

நம் பிரதேசத்திற்கென ஒரு விசேஷம் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் மிகப் பலமாக வீசும். இவ்விடங்களில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதே இதற்குச் சாட்சி. இந்த ஆடிக்காற்று ஓடுகளை அசைக்கும். தாழிடாத கதவுகளை மோதவைத்துக் கீல்களைப் பிடுங்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்து மரத்தை உப்பவைக்கும். மாசி, பங்குனியில் மரம் மிகவும் உலர்ந்து சுருங்கியிருக்கும்.

ஆகவே, வருஷத்தில் இருமுறை சோதனை செய்யவேண்டும். வைகாசி பிறக்குமுன் கூரையையும் கதவுகளையும் காற்றுக்காகப் பார்க்கவேண்டும். புரட்டாசியில் அவற்றையே மழைக்காகப் பார்க்கவேண்டும். சோதனைக்குக் கூரிய ஆணி ஒன்று போதும். அதை மரத்தில் அழுத்திப் பார்த்தால், திடமான மரத்தில் சிறிதே இறங்கும். உளுத்த மரத்தில் எளிதில் புகும். வர்ணம் பூசிய மரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்புதல் கூடாது. உள்ளே மாவாகியிருக்கும்போதும் மேலே வர்ணம் அழகாகவே இருக்கும்.

வேண்டிய கருவிகள்

ஒரு கைரம்பம், அரை அங்குலமும் ஓர் அங்குலமும் அகலமுள்ள இரண்டு உளிகள், ஒரு கொட்டாப்புளி, ஒரு சுத்தியல், ஓர் இழைப்புளி, ஒரு மூலைமட்டம், ஒரு கைத்துரப்பணம், திருப்புளி, அரம், சாணைக்கல் ஆகியவை இருந்தால் இங்கே கூறப்படும் வேலைகள் யாவும் நடைபெறும். கருவிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் கூர்மையே முக்கியம். மழுங்கிய உளியை அழுத்திச் செலுத்துபவரே கையை வெட்டிக்கொள்கிறார். உளி பிடிக்கும்போது எந்தக் கையும் அதன் கூருக்கு முன்னால் இருத்தல் ஆகாது. மின்சாரத் துரப்பணம் உள்ளவர்கள் அதை ஈரத்தரையில் நின்று உபயோகிக்கக் கூடாது.

பெரிய மூலைமட்டம் இல்லாதவர்கள் கயிற்றைக்கொண்டே நேர்மூலை காணலாம். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறித்து, இரு குறிகளுக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை நேரானது. நான்மூலைச் சட்டம் நேராக இருக்கிறதா என்று அறிய, இரு குறுக்குக் கோணங்களையும் அளக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

நம் பக்கத்து மரங்கள்

பழுது வேலைக்கு விலையுயர்ந்த தேக்கு வேண்டியதில்லை. தோட்டத்தோரத்தில் உள்ளவையே பெரும்பாலும் போதும். கருவேல் வைரம் கனமும் உறுதியும் உடையது. ஆயுதப் பிடிகளுக்கும், முளைகளுக்கும், வண்டி உறுப்புகளுக்கும் ஏற்றது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நிழலாக நிற்கும் வெள்வேல் மரமும் கம்பங்களுக்கும் உழவுச் சாமான்களுக்கும் உதவும். வேம்பும் பூவரசும் நிலை, கதவு, பலகை ஆகியவற்றிற்கு நல்லவை. வாகையின் வைரம் நன்று. ஆனால் அதை அறுக்கும்போது எழும் தூள் தும்மலை உண்டாக்குமாதலால் மூக்கை மூடிக்கொள்ளவேண்டும். சீமைக்கருவேலைப் பிடுங்கி எறிவோரும் எரிப்போரும் அதன் அடிமரத்தைச் சிறிது ஒதுக்கிவைத்தல் நலம். அதன் வைரம் கடினமானது. ஈரத்தால் உப்புவதும் சுருங்குவதும் அதில் குறைவு. நீண்ட நேர்மரம் கிடைப்பது அரிதாயினும், பிடி, முளை, ஆப்பு முதலிய சிறு துண்டுகளுக்கு மிகவும் ஏற்றது.

மாமரமும் சவுக்கும் மண்ணோடு சேரும் இடங்களுக்கு ஆகா. தென்னையில் வெளிப்பாகம் கெட்டி, நடுப்பாகம் மிருதுவானது, ஆகையால் வெளிப்பாகத்தையே எடுக்கவேண்டும். பனையில் முதிர்ந்த மரத்தின் கறுத்த வெளிப்பாகமே பலமுள்ளது. மற்ற எம்மரமானாலும் நடுவிலுள்ள வைரத்தையே நம்பவேண்டும். வெளிறு கறையானுக்கும் உளுவண்டுக்கும் இரையாகும்.

பச்சை மரத்தில் வேலை செய்தல் வீண். பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஒவ்வொன்றுக்கும் இடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கவேண்டும். ஆடிக்காற்றில் முனைகள் விரைவில் காய்ந்து வெடிக்குமாதலால், அவற்றில் சாணமும் களிமண்ணும் கலந்து பூசிவிடுவது நல்ல பழைய வழக்கம். மரம் உலர்ந்துவிட்டதா என்பதை அறிய, ஒரு துண்டை வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதிவரவேண்டும். தொடர்ந்து சில வாரங்கள் எடை குறையாமல் நின்றால் மரம் பக்குவமாயிற்று. மூங்கிலை வெட்டியபின் சில வாரங்கள் நீரில் அமிழ்த்திவைத்து, பிறகு நிழலில் உலர்த்தினால், அதிலுள்ள மாச்சத்து குறைந்து உளுவண்டின் தொல்லை தணியும்.

மரங்களை நேரில் பார்த்து அடையாளம் அறிய விரும்புவோர்க்கு, வனத்துறையில் கன்சர்வேட்டராக இருந்த காஸ் துரையின் முயற்சியால் 1902-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் ஏற்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தின் மர மாதிரிகள் நல்ல பாடமாகும்.

சாளைக் கதவு

மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகுகிறதென்று உடனே இழைப்புளியை எடுத்தல் தவறு. முதலில் கீல்களைப் பார்க்கவேண்டும். மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு சாய்ந்திருப்பதே பல வீடுகளில் காரணம். அப்படியாயின் திருகாணிகளைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, அதில் உலர்ந்த கெட்டி மரத்தால் செதுக்கிய முளையைப் பசையிட்டு இறுக அடிக்கவேண்டும். பசை காய்ந்தபின் முளையைச் சமமாகச் சீவி, சிறு துளையிட்டு, திருகாணியை மறுபடி பூட்டவேண்டும். துளையிடாமல் திருகாணியைச் சுத்தியால் அடித்து இறக்குவோர், மரத்தின் பிடிப்பைத் தாமே அழிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். வெளிக்கதவுகளுக்கு ஈரம் தாங்கும் பசையையே கேட்டு வாங்கவேண்டும்.

கீல் சரியாயிருந்தும் கதவு உரசினால், நிலையின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்தவேண்டும். உரசுமிடம் கதவில் வெள்ளையாகத் தெரியும். அவ்விடத்தை மட்டும் மிகச் சிறிதே சீவவேண்டும். ஐப்பசியில் தாராளமாகச் சீவிய கதவு பங்குனியில் விரற்கடை இடைவெளி காட்டும். அதன்வழியே எலியும் பாம்பும் புகும். இதே காரணத்தால், கோடையில் செய்யும் புதுக்கதவுக்கு உப்புவதற்கு இடம் விடவேண்டும். மழையில் செய்யும் கதவை நெருக்கமாகவே பொருத்தலாம்.

கதவின் அடிப்பாகம் உளுத்திருந்தால், எரவாரத்தைப் பார்க்கவேண்டும். ஓட்டிலிருந்து விழும் நீர் வாசற்கல்லில் தெறித்துக் கதவின் அடியை நனைக்கிறது என்பதைப் பெரும்பாலும் காணலாம். எரவாரத்தை நீட்டுவது, நீர் விழுமிடத்தில் ஜல்லி பரப்புவது, வாசற்கல்லை வெளிப்புறம் சரிவாக்குவது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யாமல் புதுப்பலகை சேர்த்தல் பணத்தை வாசலில் கொட்டுவதற்கு ஒப்பாகும். கதவைக் கழற்றியிருக்கும்போது அதன் அடிவிளிம்பிற்கு இரண்டு மூன்று முறை வர்ணம் பூசவேண்டும். முகப்பிற்குப் பூசி அடிவிளிம்பை விட்டுவிடுபவர்களே அதிகம். நீர் ஏறுவதோ அவ்விளிம்பின் வழியாகவே.

நிலைக்காலின் அடி கெட்டிருந்தால் வேலை சற்றுப் பெரியது. சுவரின் பாரம் நிலைமேல் இறங்கியிருக்கக்கூடுமாதலால், முதலில் மேற்சட்டத்திற்கு முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டும். இதில் ஐயமிருந்தால் தச்சரையோ கொத்தரையோ அழைப்பதே விவேகம். கெட்ட பாகத்தோடு, நல்ல மரத்திலும் மூன்று அங்குலம் சேர்த்து அறுத்தெடுக்கவேண்டும். ஏனெனில் பூசணம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து பரவியிருக்கும். சிறிதளவே கெட்டிருந்தால், அவ்வுயரத்திற்குக் கருங்கல் ஒன்றை அடியில் வைத்து, நிலைக்காலை அதன்மேல் நிறுத்துவதே எல்லாவற்றிலும் சிறந்த பழுது. கல்லுக்கு நம் ஜில்லாக்களில் குறைவில்லை; கறையானும் அதைத் தின்பதில்லை. அதிகம் கெட்டிருந்தால், பழைய காலையும் புதுத்துண்டையும் பாதிக்குப் பாதி கனம் குறைத்து ஒன்றன்மேல் ஒன்று படியச் சேர்க்கவேண்டும். 4 அங்குலக் காலுக்கு இச்சேர்க்கை 12 அங்குலத்துக்குக் குறையலாகாது. வெளியே தெரியும் பொருத்துக்கோடு வெளிப்புறம் தாழ்ந்து சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே தங்காது. இரண்டு மரையாணிகள் கொண்டு இறுக்கினால் போதும்.

புதுச் சட்டங்களைச் சேர்க்கும்போது, ஒன்றில் துளையும் மற்றதில் அத்துளையில் நுழையும் கழுந்தும் வெட்டுதல் நம் தச்சரின் வழக்கம். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு இருக்கவேண்டும். கைப்பலத்தால் தள்ளினால் பாதியும், கொட்டாப்புளியால் தட்டினால் மீதியும் நுழைவதே சரியான பொருத்தம். ஆணியை மட்டும் நம்பிச் சேர்த்த சட்டம், மரம் உப்பிச் சுருங்கும்போது இரண்டொரு வருஷத்தில் ஆடத் தொடங்கும்.

தோட்டத்துக் கதவும் படலும்

தோட்டக் கதவு ஒன்று சாய்ந்திருப்பதைக் காணாமல் இட்டேரியில் ஒரு மைல் நடத்தல் அரிது. குறுக்குச் சட்டங்கள் மட்டும் அடித்து, சாய்வுச் சட்டம் இல்லாமலோ, அதைத் தலைகீழாகவோ வைத்திருப்பதே காரணம். மரத்தாலான சாய்வுச் சட்டம், கீல் பக்கத்தின் அடிமூலையில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்கு ஏறவேண்டும். அப்போது கதவின் தொங்கும் பாரம் அச்சட்டத்தை அழுத்தி, கீழ்க்கீலில் இறங்கும். மரம் அழுத்தத்தை நன்கு தாங்குமாகையால் கதவு நிற்கும். இதற்கு மாறாக, கம்பியோ இரும்புப் பட்டையோ உபயோகித்தால், அது இழுப்பைத் தாங்குவதாகையால், கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலைக்கு வரவேண்டும். இவ்விரண்டையும் மாற்றி வைத்தால் பிரயோஜனமில்லை.

சாய்ந்த கதவைச் செப்பனிட, அதைக் கழற்றிச் சமதரையில் கிடத்தி, குறுக்குக் கோணங்கள் இரண்டும் ஒன்றாகும்வரை தட்டி நேராக்கி, பிறகே சாய்வுச் சட்டத்தை அளந்து வெட்டவேண்டும். அதன் முனைகள் மூலைகளில் இடைவெளியின்றி முட்டவேண்டும். வேல் இனத்து மரங்களில் துவர்ப்புச் சத்து மிகுதியாதலால், சாதாரண இரும்பாணி ஈரத்தில் துருப்பிடித்து மரத்தையும் கறுக்கச் செய்யும். ஆகவே துத்தநாகப் பூச்சுள்ள ஆணிகளை வாங்கவேண்டும்.

கதவைத் தாங்கும் கம்பம் மரமாயிருந்தால், அது நிலமட்டத்தை ஒட்டியே முதலில் கெடும். காற்றும் ஈரமும் அங்கேதான் ஒன்றுசேருகின்றன. மண்ணைச் சாண் ஆழம் விலக்கி வருஷந்தோறும் ஆணியால் சோதிக்கவேண்டும். கம்பத்தைச் சுற்றி நீர் தேங்காதபடி மண்ணை மேடாக்குவதும், அதன் தலையைச் சரிவாக அறுத்து வர்ணம் பூசுவதும் நலம். மாற்ற வேண்டியபோது கருங்கற்காலே நடுவது உத்தமம். கொறங்காட்டுக் கிளுவை வேலியில் கதவுக்கு அருகிலுள்ள செடிகளே மாடுகளின் உரசலால் முதலில் அழியும். கதவைச் செப்பனிடும் அன்றே அவ்விடத்தில் புதுப்போத்துக்களை நடுவதற்கும் ஏற்பாடு செய்யவேண்டும். பட்டிப் படல்களில் இற்ற மூங்கிற் பிளாச்சுகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தால் படல் முழுவதையும் புதிதாகக் கட்ட நேராது.

கூரை மரங்கள்

பகலில் சாளைக்குள் கதவைச் சாத்தி நின்று மேலே பார்த்தால், வெளிச்சம் தெரியுமிடமெல்லாம் மழை வருமிடமாகும். முதலில் ஓட்டைச் சரிசெய்து, பிறகு மரத்தைப் பார்க்கவேண்டும். கைமரங்கள் சுவரில் அமரும் முனையிலேயே பெரும்பாலும் கெடும். நடுவில் உளுத்த கைமரத்தை அகற்றாமலே, அதன் பக்கத்தில் அதே கனமுள்ள துண்டை, கெட்ட இடத்திற்கு இருபுறமும் 2 அடி மிகுந்திருக்கும்படி வைத்து மரையாணிகளால் இறுக்கலாம். முனையே கெட்டிருந்தால் முட்டுக்கொடுத்துப் புதுமரம் மாற்றவேண்டும். கூரைமேல் ஏறுபவர் நேராக ஓட்டில் மிதியாமல், பலகை போட்டு அதன்மேல் நடக்கவேண்டும். கல்நார்த் தகடு வேய்ந்த கொட்டகைகளில் மிதித்தல் உயிருக்கே அபாயம். அத்தகட்டை அறுப்பதும் துளைப்பதும், எழும் தூள் நுரையீரலைக் கெடுக்குமாதலால், விலக்கத்தக்கவை.

பிடி, ஏணி, கிணற்றுப் பலகை, காடி

மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் நீரில் ஊறப்போடுவது எங்கும் உள்ள வழக்கம். அன்றைக்கு அது இறுகும். ஆனால் இரும்புக்குள் உப்பிய மரம் இடமின்றி நசுங்குவதால், உலர்ந்தபின் முன்னைவிட அதிகமாகத் தளரும். உலர்ந்த மரத்தில் பிடி செய்து ஆப்பு அடிப்பதே முறை. பிடிக்கு மரத்தை அறுப்பதைவிடப் பிளந்து எடுத்தல் நல்லது. அப்போது நார் முனைமுதல் முனைவரை தொடர்ந்து ஓடும்.

ஏணிக்கு ஒருபோதும் வர்ணம் பூசக்கூடாது. வர்ணம் வெடிப்பை மறைக்கும். படி ஒன்று கெட்டால் அதன்மேல் கட்டை வைத்து ஆணியடிக்காமல் படியையே மாற்றவேண்டும். கிணற்றின் மேல் போட்டிருக்கும் பலகைகளுக்குப் பழுது என்பதே இல்லை. ஆணி எளிதில் இறங்கும் பலகையை அன்றே எடுத்தெறிந்து, புதுப்பலகையோ இரும்பு வலையோ போடவேண்டும். நம் ஜில்லாக்களின் கிணறுகள் ஆழமானவை; குழந்தைகள் அப்பலகையை நம்பி ஓடுகிறார்கள்.

காடியையும் கட்டுத்தரையையும் செப்பனிடும்போது மற்றோர் எச்சரிக்கை மிக முக்கியம். மாடு தீனியை ஆராய்ந்து தின்பதில்லை. தட்டில் கலந்த ஓர் ஆணியோ கம்பித்துண்டோ அதன் இரைப்பையில் தங்கி, சுவரைத் துளைத்து, இருதயத்தையும் குத்தக்கூடும். இவ்வாறு மடியும் மாடுகள் உண்டு. ஆகையால், எடுத்த ஆணிகளை எண்ணி வைத்துக்கொண்டு, வேலை முடிந்தபின் மீண்டும் எண்ணவேண்டும். தரையில் காந்தக்கல்லை இழுத்து விடுபட்டவற்றைப் பொறுக்கவேண்டும். ஓர் ஆணி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை மாட்டை அங்கே கட்டக்கூடாது.

மருந்துகளும் எண்ணெய்களும்

மழை படாத உள்மரங்களுக்கு வெங்காரமும் போரிக் அமிலமும் ஏற்றவை. 100 லிட்டர் நீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, மரத்தை அதில் ஊறவைக்கலாம், அல்லது பலமுறை பூசலாம். மழை படுமிடத்தில் இது கரைந்து போய்விடும். காடிக்கு இதை உபயோகித்தல் ஆகாது. கரைசலைக் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி வைக்கவேண்டும்.

செம்பு, குரோமியம், பாஷாணம் சேர்ந்த மருந்தை 1933-ம் வருஷத்தில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்னும் இந்தியர் கண்டுபிடித்தார். அது உலகமெங்கும் கம்பங்களுக்கு உபயோகமாயிற்று. ஆயினும் அதிலுள்ள பாஷாணத்தைக் கருதி, அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைச் சேர்ப்பது 2003-ம் வருஷ முடிவோடு நிறுத்தப்பட்டது. ஆதலால், மருந்தேற்றிய பழைய கம்பங்களை வாங்குவோர் அவற்றைக் காடிக்கோ, கிணற்றுக்கோ, அடுப்புக்கோ உபயோகிக்கக் கூடாது. எஞ்சினிலிருந்து கழிந்த எண்ணெயைப் பூசுவதும் தீவனத்தையும் கிணற்று நீரையும் கெடுப்பதாகும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. தட்டுப்போர் உள்ள தோட்டத்தில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. துணியை வெட்டவெளியில் விரித்து உலர்த்தியபின்பே அகற்றவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

புறம்போக்கில் நிற்கும் மரமும் விழும் மரமும் சர்க்காருக்கு உரியவை. உத்தரவின்றி எவரும் எடுக்கலாகாது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் முன்கூட்டியே ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னால் பல வழக்குகள் குறையும். பனை மரத்தை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பனங்கை மாற்ற விரும்புவோர்க்கு இதைத் தெரிவித்து, இடித்த பழைய வீடுகளின் பனங்கைகளைச் சோதித்து வாங்கும்படி யோசனை கூறலாம். நெடுநாள் உலர்ந்த அம்மரங்கள் பெரும்பாலும் புதுமரத்தைவிடத் திடமாயிருக்கும்.

ஊராட்சித் தலைவர்கள், ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள முதிய தச்சர் ஒருவரை, தக்க ஊதியமும் மரியாதையும் கொடுத்து, வருஷத்தில் இரண்டு நாள் வரவழைத்து வாலிபர்களுக்குக் கழுந்து வெட்டவும் உளி தீட்டவும் காட்டிக்கொடுக்கச் செய்தால் பேருதவியாகும். அக்கைப்பழக்கம் அவரோடு மறைந்துவிட்டால், ஏட்டைப் பார்த்து மட்டும் அதை மீட்பது கடினம்.

சுருக்கம்

1. முதலில் ஈரத்தின் வழியையும் கறையானின் வழியையும் அடைத்து, பிறகே மரத்தை மாற்றுக.

2. வைகாசிக்குமுன் ஒருமுறையும், புரட்டாசியில் ஒருமுறையும் ஆணியால் சோதிக்க.

3. உலர்ந்த வைரத்தையே உபயோகிக்க. வெட்டுமுனைகளுக்கு வர்ணம் பூசுக.

4. மரச் சாய்வுச் சட்டம் கீழ்க்கீலிலிருந்து மேல்நோக்கி ஏறுக.

5. ஏணியிலும் கிணற்றுப் பலகையிலும் சிக்கனம் பாராதிருக்க.

6. எடுத்த ஆணியை எண்ணாமல் மாட்டைக் கட்டாதிருக்க.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கூரிய ஆணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சாளையையும் தோட்டத்தையும் ஒருமுறை சுற்றிவந்து, கண்ட பழுதுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளும்படி குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். அத்தாளில் கிணற்றுப் பலகையும் ஏணியும் இருந்தால் அவற்றிலிருந்தே வேலையைத் தொடங்குக.